எந்தச் சூழல் என்று கட்டளையே சொல்லட்டும்

சிங்கப்பூரில் ஊபி பக்கம் ஒரு நிறுவனத்தில் ஏபிஐ சோதனை வேலையில் சேர்ந்து ஒரு வருடம் ஆன தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “அண்ணா, எங்களிடம் ஒரே போஸ்ட்மேன் கலெக்‌ஷன், நான்கு சூழல்கள்: லோக்கல், எஸ்ஐடி, யுஏடி, புரொடக்‌ஷன். ஒவ்வொரு தடவையும் வலது மேல் மூலையில் இருக்கும் பட்டியலைத் திறந்து மாற்றிக்கொண்டிருக்கிறேன். டெர்மினலிலிருந்தே மாற்ற ஒரு சின்னக் கருவி எழுதலாமா? ‘யூஸ் யுஏடி’ என்று ஒரு தடவை தட்டினால் அதற்கப்புறம் எல்லாம் யுஏடியில் ஓட வேண்டும். ஏற்கெனவே அப்படி ஏதாவது இருக்கிறதா?”

துறைக்குப் புதியவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். ஏபிஐ என்பது ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் வேலை கேட்கும் வாசல். அப்படிக் கேட்கும் ரிக்வெஸ்டுகளைத் தொகுத்துச் சோதிக்கும் கருவி போஸ்ட்மேன், அந்தத் தொகுப்புதான் கலெக்‌ஷன். சூழல் என்பது அதே சேவை ஓடும் வெவ்வேறு இடங்கள்: லோக்கல் நம் கணினி, எஸ்ஐடி பாகங்களை இணைத்துச் சோதிக்கும் இடம், யுஏடி பயனர் ஏற்புச் சோதனைக்கான இடம், புரொடக்‌ஷன் நிஜ வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் இடம். டெர்மினல் என்பது கட்டளைகளைத் தட்டும் திரை.

தாராளமாக எழுதுங்கள், தம்பி. பாதிக்கு மேல் வேலையைச் செய்து தரும் கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. நீங்கள் எழுத வேண்டியது அவற்றைக் கூப்பிடும் ஒரு சின்ன நிரல், அதாவது அவற்றின் மேல் ஒரு மெல்லிய உறை மட்டும்தான். ஆனால் ‘ஒரு தடவை தட்டினால் அதற்கப்புறம் எல்லாம்’ என்கிறீர்களே, அதை மட்டும் விட்டுவிடுங்கள். ஞாபகம் வைத்துக்கொள்ளும் கருவி வேண்டாம். ஒவ்வொரு ஓட்டத்திலும் எந்தச் சூழல் என்று கேட்கும் கருவி வேண்டும். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். கட்டளைகளைப் பக்கத்து மேசைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்வதுபோல் தமிழிலேயே எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். போஸ்ட்மேன் கலெக்‌ஷனை டெர்மினலிலிருந்து ஓட்ட நியூமன் இருக்கிறது. நோட்ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தளத்தின் மேல் ஓடும் திறமூலக் கருவி, அதன் நிறுவும் கருவியான என்பிஎம் வழியாக ஒரே வரியில் நிறுவிவிடலாம். ‘நியூமன் ரன்’, அடுத்து கலெக்‌ஷன் ஃபைலின் பெயர், அடுத்து ஒற்றைக் கோடு போட்டு ‘இ’, அதற்கடுத்து சூழல் ஃபைலின் பெயர். அவ்வளவுதான். சூழல் ஃபைல் என்பது போஸ்ட்மேனிலிருந்து ஏற்றுமதி செய்த ஒரு ஜேசான், அதாவது பெயரும் மதிப்புமாக எழுதும் உரை வடிவம். மேலே சூழலின் பெயர், உள்ளே ஒரு பட்டியல், அதில் ஒவ்வொரு மாறிக்கும் பெயர், மதிப்பு, அது இயங்கும் நிலையில் இருக்கிறதா என்ற குறி. யுஏடிக்கு ஒரு ஃபைல், எஸ்ஐடிக்கு ஒரு ஃபைல். கட்டளையில் ஃபைல் பெயரை மாற்றினால் சூழல் மாறிவிட்டது.

கேட்டதற்கு நேர்ப்பதில் இதோடு முடிந்தது. தொல்லை இனிமேல்தான்.

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் மருத்துவ முன்பதிவுக்கான ஒரு சேவையைச் சோதித்துக்கொண்டிருந்தோம். கலெக்‌ஷன் நான் கட்டியது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், யுஏடி சூழல் ஃபைலைச் சரியாகக் கொடுத்து ஓட்டினேன். 26 சோதனைகள், 26-ம் பச்சை. பையைத் தூக்கிக்கொண்டு கீழே கோப்பிக்கடைக்குப் போய்விட்டேன். கோப்பி ஓ ஆறுவதற்குள் போன். வாடிக்கையாளர் சேவைக்கு ஓர் அங்கிள் கூப்பிட்டுச் சத்தம் போடுகிறாராம்: தான் பதிவே செய்யாத சந்திப்புக்கு இத்தனை குறுஞ்செய்தியா என்று. எட்டில் தொடங்கும் எட்டு இலக்கம், கற்பனை எண் என்று நான் நினைத்துப் போட்டது, அவருடைய உண்மையான எண்.

சோதனை ஓடியது யுஏடியில் அல்ல, புரொடக்‌ஷனில். யுஏடி ஃபைலைத்தானே கொடுத்தேன்? கொடுத்தேன். ஆனால் அந்த ஃபைலில் முகவரிக்கான மாறியின் பெயரில் ‘யூஆர்எல்’ என்ற மூன்று எழுத்தும் பெரிய எழுத்து. ரிக்வெஸ்டுகளில் ‘யூ’ மட்டும் பெரிய எழுத்து. கணினிக்கு இரண்டும் வேறு வேறு மாறி. (தமிழில் இந்தப் பெரிய எழுத்து, சின்ன எழுத்துத் தொல்லை இல்லை, நம் முன்னோர் புண்ணியம்.) சூழலில் கிடைக்கவில்லை என்றதும் போஸ்ட்மேன் ஒரு படி மேலே போய், கலெக்‌ஷனுக்குள்ளேயே எழுதியிருந்த மதிப்பை எடுத்துக்கொண்டது. அங்கே யாரோ ஒருவர், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று புரொடக்‌ஷன் முகவரியைப் போட்டு வைத்திருந்தார். யாரோ என்ன யாரோ, நான்தான்.

இந்த வரிசை தெரிந்திருக்க வேண்டும். போஸ்ட்மேனில் மாறிகள் ஐந்து அடுக்காக இருக்கின்றன: குளோபல், கலெக்‌ஷன், சூழல், டேட்டா ஃபைல், லோக்கல் (ஸ்கிரிப்ட் தற்காலிகமாக வைப்பது, லோக்கல் என்ற சூழல் அல்ல). ஒரே பெயர் பல அடுக்குகளில் இருந்தால் குறுகிய அடுக்கு ஜெயிக்கும். கலெக்‌ஷனைச் சூழல் மறைக்கும். சூழலை டேட்டா ஃபைல் மறைக்கும். டேட்டா ஃபைலாக நீங்கள் கொடுக்கும் சிஎஸ்வி ஃபைலில் (அட்டவணை) தற்செயலாக ‘டோக்கன்’ (அனுமதிச் சீட்டு மாதிரியான குறியீடு) என்று ஒரு நெடுவரிசை இருந்தால் சூழலில் இருக்கும் டோக்கன் காணாமல் போகும், யாரும் எச்சரிக்க மாட்டார்கள். எந்த அடுக்கிலுமே கிடைக்காவிட்டால்? அப்போதும் நிற்காது. ரிக்வெஸ்டில் மாறியின் பெயரை இரட்டை நெளி அடைப்புக்குள் எழுதுவோம், அந்த அடைப்போடு பெயரையே சர்வர் முகவரியாக நினைத்துத் தேடும், கிடைக்கவில்லை என்று பிழை காட்டும். அது நல்ல பிழை. கண்ணுக்குத் தெரியும். என்னைக் கவிழ்த்தது கண்ணுக்குத் தெரியாதது.

ஆகவே உறை எழுதும் முன் செய்ய வேண்டியது: கலெக்‌ஷன் அடுக்கில் இருக்கும் முகவரியைத் துடைத்துவிட்டு, ‘டாட் இன்வாலிட்’ என்று முடியும் ஒரு போலி முகவரியைப் போடுங்கள். ‘சூழல் கொடுக்கவில்லை டாட் இன்வாலிட்’ என்ற பொருளில் நான் ஆங்கிலத்தில் வைத்திருக்கிறேன். 1999-இல் வந்த ஆர்எஃப்சி 2606 என்ற இணைய விதிமுறை ஆவணம் டெஸ்ட், எக்ஸாம்பிள், இன்வாலிட், லோக்கல்ஹோஸ்ட் ஆகிய நான்கு முடிவுகளையும் யாருக்கும் விற்காமல் ஒதுக்கி வைத்திருக்கிறது. ஆக, அந்த முகவரி உலகில் எந்த சர்வருக்கும் போய்ச் சேராது. எழுத்துப் பிழை நடந்தால் புரொடக்‌ஷனுக்குப் போவதற்குப் பதில் சுவரில் முட்டி நிற்கும், பிழைச் செய்தியிலேயே காரணமும் எழுதியிருக்கும்.

இப்போது ‘யூஸ் யுஏடி’ ஏன் வேண்டாம் என்பதற்கு வருகிறேன். பல கணினிகளைச் சேர்த்து (அந்தக் கூட்டம்தான் கிளஸ்டர்) சேவைகளை ஓட்டும் குபெர்நெட்டஸில் வேலை செய்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். அதன் கட்டளைக் கருவியான குபெக்டலில் ‘யூஸ் கான்டெக்ஸ்ட்’ என்று தட்டினால், நடப்பு கிளஸ்டர் எது என்பதை அது உங்கள் ஹோம் ஃபோல்டரில் ஒரு ஃபைலில் எழுதிவைக்கும். இரண்டு டெர்மினல் திறந்து வைத்திருக்கிறீர்கள். இடப்பக்கத்தில் மாற்றினால் வலப்பக்கமும் சத்தமில்லாமல் மாறிவிடும், ஏனென்றால் இரண்டும் ஒரே ஃபைலைத்தான் படிக்கின்றன. மதியம் சாப்பிடப் போகும்முன் எங்கே விட்டோம் என்பது திரும்பி வந்தபின் யாருக்கு ஞாபகம் இருக்கும்? நீங்கள் கேட்கும் கருவியும் இதே குணத்தோடுதான் பிறக்கும். போஸ்ட்மேன் மூலையில் இருக்கும் பட்டியலின் குறையே அதுதானே: நிலை ஓரிடத்தில் ஒளிந்திருக்கிறது, கை வேறிடத்தில் வேலை செய்கிறது. அந்தக் குறையை டெர்மினலுக்கும் தூக்கிவர வேண்டாம்.

கட்டளையிலேயே சூழலின் பெயர் இருந்தால் இன்னொரு வசதியும் உண்டு. நாளைக்கு ஏதாவது ஆனால் டெர்மினலின் ஹிஸ்டரியைப் பார்த்து எது எங்கே ஓடியது என்று சொல்லிவிடலாம். சோதனைகளைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸ், கிட்லேப் மாதிரியான இடங்களில் ஒவ்வொரு ஓட்டத்தையும் புத்தம் புதிய சூழ்நிலையில் தொடங்கும்படி அமைப்பது வழக்கம். அப்படி அமைத்தால் ‘நேற்று மாற்றி வைத்தது’ என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. கையில் ஓட்டும் கட்டளையும் அங்கே ஓடும் கட்டளையும் ஒன்றாகவே இருக்கும்.

சரி, உறை எப்படி இருக்க வேண்டும்? என்னுடையது முப்பது வரிக்குள் இருக்கும். பெயர் ‘ஓட்டு’. அதற்கடுத்துத் தட்டும் முதல் சொல் சூழலின் பெயர், கட்டாயம். கொடுக்காவிட்டால் சூழல் ஃபோல்டரில் இருக்கும் பெயர்களை வரிசையாகக் காட்டிவிட்டு, பூஜ்யம் அல்லாத எண்ணோடு வெளியேறும். ‘பெயர் இல்லையென்றால் யுஏடி என்று எடுத்துக்கொள்’ என்ற கருணையெல்லாம் கிடையாது.

அடுத்து, எல்லாச் சூழல் ஃபைல்களிலும் ஒரே மாறிப் பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும். ஜேசானைப் படிக்கும் ஜேகியூ என்ற சின்னக் கருவியால் ஒவ்வொரு ஃபைலிலிருந்தும் பெயர்களை மட்டும் உருவி, வரிசைப்படுத்தி, வேறுபாட்டைக் காட்டும் டிஃப் கட்டளையைப் போட்டால் தீர்ந்தது. ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத பெயர் தென்பட்டால் நியூமனைக் கூப்பிடவே கூப்பிடாது. இந்த நான்கு வரி அன்றைக்கு இருந்திருந்தால் அந்த அங்கிளிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்திருக்காது.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பெயர் சரி, முகவரி சரி, ஆனால் அந்த முகவரிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது யார்? பெயரை சர்வரோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவு மாறியிருக்கலாம், யாராவது யுஏடி பெயரைத் தற்காலிகமாக வேறு எங்காவது திருப்பியிருக்கலாம். அதனால் கலெக்‌ஷனின் முதல் ரிக்வெஸ்ட் எப்போதும் ஒரே கேள்வி: ‘நீ யார்?’ பெரும்பாலான சேவைகளில் நலம் சொல்லும் ஒரு முகவரி இருக்கும். இல்லையென்றால் டெவலப்பரிடம் கேட்டு வாங்குங்கள். பதிலில் தன் சூழலின் பெயரை அது சொல்ல வேண்டும். சூழல் ஃபைலில் ‘எதிர்பார்க்கும் பெயர்’ என்று ஒரு மாறி. இரண்டும் பொருந்தாவிட்டால் சோதனை தோல்வி. நியூமனுக்கு ‘பெயில்’ என்ற விருப்பத்தைக் (தோல்வி என்ற பெயில் அல்ல, ஆங்கில ‘பி’-யில் தொடங்குவது) கொடுத்துவைத்தால் முதல் தோல்வியிலேயே ஓட்டம் நின்றுவிடும். ஒரு முன்பதிவுகூட உருவாகாது. ஆட்டோவில் ஏறும்முன் ‘தேக்காதானே?’ என்று கேட்பது மாதிரி என்று எழுத வந்தேன். இங்கே ஆட்டோ ஏது, பேருந்து எண்ணைப் பார்த்துவிட்டு அட்டையைத் தட்டுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புரொடக்‌ஷனுக்குத் தனி விதி. நியூமனில் ‘ஃபோல்டர்’ என்ற விருப்பம் உண்டு. கலெக்‌ஷனில் குறிப்பிட்ட ஒரு ஃபோல்டரை மட்டும் ஓட்டும். என் உறையில் புரொடக்‌ஷன் என்று சொன்னால் ‘படிக்க மட்டும்’ என்ற ஃபோல்டர்தான் ஓடும், அதுவும் சூழலின் பெயரை முழுசாக இன்னொரு தடவை தட்டினால்தான். ஒய் அழுத்தினால் போதும் என்று வைக்காதீர்கள். ஒய் அழுத்துவதற்கு மூளை தேவையில்லை, விரல் போதும். ஒரு திருத்தம்: அடையாளம் கேட்கும் அந்த முதல் ரிக்வெஸ்டையும் இந்த ஃபோல்டருக்குள் போட மறந்துவிடாதீர்கள். ஃபோல்டரைக் குறிப்பிட்டால் வெளியே இருப்பது ஓடாது.

சர்வர் தன் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழும் இங்கேதான் வரும். எஸ்ஐடியில் சொந்தமாகக் கையெழுத்திட்ட சான்றிதழ் வைத்திருப்பார்கள், நியூமன் முகம் சுளிக்கும். ‘இன்செக்யூர்’ என்ற விருப்பம் கொடுத்தால் பேசாமல் ஓடும். அதை எல்லாச் சூழலுக்கும் பொதுவாகப் போட்டுவிடாமல், லோக்கலுக்கும் எஸ்ஐடிக்கும் மட்டும் உறையே சேர்க்கட்டும்.

ரகசியங்கள். இதில்தான் கை சுட்டுக்கொள்பவர்கள் அதிகம். போஸ்ட்மேனில் ஒரு மாறிக்கு அணியோடு பகிரும் மதிப்பு ஒன்று, உங்கள் கணினியிலேயே தங்கும் மதிப்பு ஒன்று. கடவுச்சொல்லைப் பகிரும் மதிப்பில் போட்டு ஏற்றுமதி செய்து, ஃபைல்களின் மாற்றங்களையெல்லாம் சேமித்து வைக்கும் கிட்டில் ஏற்றினால், பிறகு அந்த ஃபைலை அழித்தாலும் கிட்டின் வரலாற்றில் அது உட்கார்ந்தே இருக்கும். அப்படி நடந்துவிட்டால் வரலாற்றைத் துடைக்க மெனக்கெடுவதற்கு முன்னால் கடவுச்சொல்லை மாற்றுங்கள். சூழல் ஃபைலில் பெயர் மட்டும் இருக்கட்டும், மதிப்பு காலி.

மதிப்பை ஓடும்போது கொடுக்க நியூமனில் ‘என்வ் வார்’ என்ற விருப்பம் இருக்கிறது. பெயர், சமக்குறி, மதிப்பு என்று கட்டளையிலேயே எழுதலாம், சூழல் ஃபைலில் இருப்பதை அது மறைத்துவிடும். வசதிதான். ஆனால் கட்டளையில் எழுதியது டெர்மினலின் ஹிஸ்டரியில் பதியும். அதே கணினியில் வேறு யாராவது ஓடும் நிரல்களின் பட்டியலைப் பார்த்தால் அதிலும் தெரியும். பலர் பகிரும் சோதனை சர்வரில் இது சின்ன விஷயம் அல்ல. அதனால் டெர்மினல் கட்டளைகளால் எழுதியிருந்த உறையை நோட்ஜேஎஸுக்கு மாற்றிவிட்டேன். நியூமனை ஒரு நூலகமாகவும் கூப்பிடலாம். ரகசியத்தை இயங்குதளத்தின் மாறியிலிருந்து படித்து நேராக உள்ளே கொடுத்துவிடலாம். ஒரு பொறி இருக்கிறது: கட்டளையாக ஓட்டினால் சோதனை தோற்றதும் நியூமனே 1 என்ற எண்ணோடு வெளியேறும், ஜென்கின்ஸ் சிவப்பாகும். நூலகமாகக் கூப்பிட்டால் அது உங்கள் பொறுப்பு. முடிவில் வரும் சுருக்கத்தில் தோல்விகளின் எண்ணிக்கையைப் பார்த்து நீங்களே எண்ணைத் தர வேண்டும். இதை மறந்துவிட்டு, இரண்டு வாரம் எல்லாம் பச்சையாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்ட ஓர் அணியை எனக்குத் தெரியும்.

இன்னொன்று, அறிக்கை. ஜேசான் வடிவில் அறிக்கை கேட்டால் ரிக்வெஸ்டோடு அனுப்பிய ஹெடர்கள் (தலைப்புக் குறிப்புகள்) உட்பட எல்லாம் அதில் இருக்கும், டோக்கனும் சேர்த்து. அதை அப்படியே சேமித்து அணிக்கெல்லாம் திறந்து வைப்பது வாசலில் சாவியைத் தொங்கவிடுவதுதான். சோதனை முடிவுகளைச் சொல்லும் ஜேயூனிட் வடிவ அறிக்கை, ஜென்கின்ஸ் மாதிரியானவற்றில் தானாக ஓடும் பெரும்பாலான பைப்லைனுக்குப் போதும்.

ஆபீஸ் சர்வர்களைத் தொடாமல் வீட்டில் பழகிப் பார்க்க வேண்டுமென்றால் நம் ஊரிலேயே நல்ல ஏபிஐகள் இருக்கின்றன. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமாலில் ஒரு சாவி வாங்கி ஹெடரில் வைத்தால் போதும். பேருந்து நிறுத்தத்தின் ஐந்து இலக்க எண்ணைக் கொடுத்தால் அடுத்த பேருந்து எப்போது என்று சொல்லும். சிங்கப்பூர் நில ஆணையத்தின் வரைபடச் சேவையான ஒன்மேப் இன்னும் நல்ல பயிற்சி, ஏனென்றால் அதன் டோக்கன் மூன்று நாளில் காலாவதியாகும். டோக்கனைச் சூழல் ஃபைலில் ஒட்டிவைத்தால் திங்கட்கிழமை ஓடியது வெள்ளிக்கிழமை ஓடாது. அதனால் முதலில் டோக்கன் வாங்கும் ரிக்வெஸ்ட், அதன் ஸ்கிரிப்ட் டோக்கனைச் சூழல் மாறியில் போடும், பிந்தைய ரிக்வெஸ்டுகள் எடுத்துக்கொள்ளும் என்று கட்டுங்கள். நியூமனில் இப்படிப் போட்ட மதிப்பு அந்த ஓட்டம் முடிந்ததும் மறைந்துவிடும், ஃபைலில் எழுதாது. எழுத வேண்டுமென்றால் சூழலை ஏற்றுமதி செய்யும் விருப்பம் ஒன்று உண்டு. அதற்குப் பழைய ஃபைலின் பெயரையே கொடுத்துவிடாதீர்கள். டோக்கன் அடுத்த கமிட்டில் கிட்டுக்குப் போய்விடும்.

சூழல் என்றதும் முகவரியும் சாவியும் மட்டுமே என்று நினைக்க வேண்டாம், நேரமும் சூழல்தான். உங்கள் மடிக்கணினி சிங்கப்பூர் நேரத்தில், பைப்லைன் கணினி பெரும்பாலும் உலகப் பொது நேரமான யூடிசியில். ‘இன்று’ என்று கணக்கிடும் சோதனை, நமக்கு நள்ளிரவு முதல் காலை எட்டு வரை, அங்கே நேற்றைய தேதியைத் தரும். எட்டு மணி நேரத்தைக் கூட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தால் அதிலும் ஒரு வேடிக்கை. 1982 ஜனவரி 1-க்கு முன் சிங்கப்பூர் நேரம் யூடிசியைவிட ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தது. 1975-இல் பிறந்தவரின் நள்ளிரவை ஒரு சேவை எட்டு மணி நேரத்தைக் குறைத்து யூடிசியில் சேமித்து, இன்னொரு சேவை நேர மண்டலத் தரவைப் பார்த்து ஏழரை கூட்டிப் படித்தால், பிறந்த தேதி முந்தைய நாள் இரவு பதினொன்றரைக்குப் போய்விடும். இதைப் பிடிக்க எனக்கு ஒரு முழு நாள் ஆனது.

நியூமன் தவிர வேறு உண்டா என்றால், உண்டு. புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் நான் புரூனோவைத்தான் எடுப்பேன். கலெக்‌ஷன் முழுவதும் உங்கள் கணினியில் சாதாரண உரை ஃபைல்களாக இருக்கும், ஒவ்வொரு சூழலும் ‘என்வைரன்மென்ட்ஸ்’ ஃபோல்டரில் ஒரு ஃபைல். கட்டளையில் ‘புரு ரன்’ என்று சொல்லி, இரட்டைக் கோடு ‘என்வ்’, அடுத்து யுஏடி என்றால் முடிந்தது. ரகசிய மாறிகளின் பெயர் மட்டும்தான் அந்த ஃபைலில் இருக்கும், மதிப்பு இருக்காது. கிட்டில் யார் எதை மாற்றினார்கள் என்பது மனிதர் படிக்கும்படி தெரியும். போஸ்ட்மேன் ஏற்றுமதி செய்யும் ஜேசானை டிஃப் போட்டுப் பார்த்தவருக்கு இதன் அருமை புரியும். ஹர்ல் என்று இன்னொன்று, இணைய முகவரிகளோடு பேசும் கர்ல் நூலகத்தின் மேல் ரஸ்ட் மொழியில் எழுதியது. மாறிகளுக்கு ஒரு ஃபைல் கொடுக்கலாம். மதிப்பு கிடைக்காத மாறி இருந்தால் பிழை சொல்லி நிறுத்திவிடும், இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும். ஆனால் உங்களிடம் ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் போஸ்ட்மேன் ரிக்வெஸ்டுகளும் அவற்றில் ஸ்கிரிப்டுகளும் இருந்தால் கருவியை மாற்றுவதில் இரண்டு மாதம் போக்காதீர்கள். நியூமனோடு இருங்கள்.

கடைசியாக, சோதனைத் தரவு. அடையாள அட்டை எண், கைபேசி எண் எதையும் மனதில் தோன்றியபடி போடாதீர்கள். 2012-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், எட்டிலோ ஒன்பதிலோ தொடங்கும் எட்டு இலக்கம் எதைத் தட்டினாலும் அது யாரோ ஒருவருடையதாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. குறுஞ்செய்தி போகும் சோதனைகளுக்கு அணிக்கென்று ஒரு சிம் வாங்கி, அந்த எண்ணைச் சூழல் ஃபைலில் ஒரு மாறியாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அணியின் சிம் இப்போது ஒரு பழைய போனில், என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. யுஏடி ஓடும்போதெல்லாம் இழுப்பறை அதிரும். ஓடாத நேரத்தில் அதிர்ந்தால் எழுந்து யார் ஓட்டியது என்று கேட்பேன்.